கொள்ளிடத்தில் ஓடிக் கடலில் கலக்கும் நீர் வீணாகிறதா?

கொள்ளிடக்கரை எழுதியது:

ஆடியிலும் ஆவணியிலும் மேட்டூர் நிரம்பிவிட்டால், "இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது" என்ற செய்தியை ஆண்டு தவறாமல் படிக்கிறோம். (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) தேநீர்க்கடைப் பேச்சிலிருந்து மேடைப் பேச்சு வரை எல்லோரும் இதையே சொல்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த "வீணாக" என்ற சொல்லில் எனக்கு ஐயம் வந்திருக்கிறது.

கொள்ளிடம் கடலைச் சேரும் இடத்துக்கு அருகே, ஆற்றங்கரையிலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள ஓர் ஊர் எனக்குச் சொந்த ஊர். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் அடிபம்பு இருக்கிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் அதில் வரும் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டிவிடும். ஆற்றில் வெள்ளம் வந்து இறங்கிய மூன்று நான்கு வாரங்களுக்குப் பிறகு அதே பம்பில் தண்ணீரின் சுவை மாறும். காலையில் முதல் குடத்தை அடித்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, "ஆத்துத் தண்ணி வந்துடுச்சு" என்று என் அம்மா சொல்வார். நாற்பது ஆண்டுகளாக அவர் கையில் இருக்கும் அளவுகோல் அதுதான். அந்த நாள் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிக்கொண்டே போகிறது என்றும், இனிப்பாக இருக்கும் காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது என்றும் அவர் சொல்கிறார்.

கடலை நோக்கி ஓடுகிற அந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கு ஏதோ ஒரு வேலையைச் செய்துவிட்டுத்தான் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது என்ன வேலை, எவ்வளவு தண்ணீர் ஓடினால் அது நடக்கும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கடைமடை எழுதியது:

தம்பி, உங்கள் அம்மாவின் பம்பைப் பற்றி எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. ஆனால் தலைஞாயிறு பக்கம் நிலம் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களின் நிலையையும் நீங்கள் கேட்க வேண்டும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அம்மாதம் 22ஆம் தேதி இரவு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் உடைந்து விழுந்தன. நாடே அந்த வெள்ளத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், எங்கள் ஊர் வாய்க்காலில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லை. நேரடி விதைப்புச் செய்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்தத் தண்ணீரை வீண் என்று சொல்லாமல் வேறு என்னவென்று நாங்கள் சொல்வது? முளைத்த பயிர் கருகுவதைப் பார்த்தவனிடம் போய், கடலுக்கும் தண்ணீர் தேவை என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். நான் கோபத்தில் எழுதவில்லை. இரண்டு பக்கமும் பேசப்பட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பசுங்கரை எழுதியது:

கொள்ளிடக்கரை சொல்வதுதான் சரி. ஆற்று நீர் கடலுக்குப் போகாவிட்டால் கடலிலிருந்து ஆவி எழுவது குறைந்து மழையே நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த நீர்ச் சுழற்சிப் படத்திலேயே இது இருக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தால் எல்லாமே அறுந்துவிடும்.

வங்கக்கடல் எழுதியது:

கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் உப்பையும் பற்றிப் படிப்பது என் தொழில் என்பதால் பசுங்கரை எழுதியதைத் திருத்தியாக வேண்டும். நல்ல நோக்கத்துக்காக என்றாலும் தவறான காரணத்தைச் சொன்னால் வாதம் முழுவதும் ஒருநாள் சரிந்துவிடும்.

உலகப் பெருங்கடல்களிலிருந்து ஓராண்டில் ஆவியாகும் நீர் ஏறத்தாழ 4,13,000 கன கிலோமீட்டர். அதில் 3,73,000 கன கிலோமீட்டர் கடலின் மேலேயே மழையாக விழுந்துவிடுகிறது. மீதமுள்ள 40,000 கன கிலோமீட்டர் மட்டுமே காற்றோடு நிலத்துக்கு வருகிறது. நிலத்தின் மேல் பெய்யும் மழை அதைவிட மிகுதி, ஏறத்தாழ 1,13,000 கன கிலோமீட்டர். ஏனென்றால் மண்ணிலிருந்தும் மரம், பயிர், ஏரி, குளங்களிலிருந்தும் 73,000 கன கிலோமீட்டர் மீண்டும் ஆவியாகி நிலத்துக்கு மேலேயே இன்னொரு முறை மழையாகிறது. கடலிலிருந்து வந்த அந்த 40,000 கன கிலோமீட்டருக்கு ஈடான நீர் ஆறுகளின் வழியாகவும் நிலத்தடி வழியாகவும் கடலுக்குத் திரும்புகிறது.

இப்போது காவிரியை இந்தக் கணக்குக்குள் வைத்துப் பார்ப்போம். காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் படுகை முழுவதற்கும் எடுத்துக்கொண்ட நீர் 740 டி.எம்.சி. அதைக் கன கிலோமீட்டராக்கினால் 21கூட முழுதாக வராது. கடல்களிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாவதில் அது இருபதாயிரத்தில் ஒரு பங்கு. காவிரியை ஒரு சொட்டு விடாமல் மறித்தாலும் கடலிலிருந்து எழும் ஆவி அதனால் குறையப்போவதில்லை. வயலுக்குத் திருப்பிய தண்ணீரும் மறைந்துபோவதில்லை. அது நெல்லின் இலை வழியாக மீண்டும் வானத்துக்கே போகிறது. ஆகவே மழை நின்றுவிடும் என்ற காரணத்தை விட்டுவிடுவோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி ஆகிய பேராறுகள் எல்லாம் சேர்ந்து வங்கக் கடலில் கொட்டும் நன்னீர், மழைநீரோடு சேர்ந்து கடலின் மேல் உப்புக் குறைந்த மெல்லிய ஓர் அடுக்கை உருவாக்குகிறது. பருவமழைக்குப் பின் வடக்கு வங்கக் கடலில் ஒரு கிலோ நீருக்கு 30 கிராமுக்கும் குறைவாகவே உப்பு இருக்கும் இடங்கள் உண்டு. திறந்த கடலில் பொதுவாக அது 35 கிராம். இந்த இலேசான அடுக்கு மேலேயே மிதப்பதால், காற்று எவ்வளவு வீசினாலும் அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே கலப்பதில்லை. மேற்பரப்பு சூடாகவே இருக்கிறது, மேகம் திரள்வதற்கு அது துணைசெய்கிறது. புயல்கள் வலுவடைய அதே சூடு காரணமாவதும் உண்டு என்பதால் இதை முழு நன்மை என்று எழுத நான் தயங்குவேன். ஐப்பசி, கார்த்திகையில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பும்போது இந்த உப்புக் குறைந்த நீர் நம் கரையை ஒட்டியே வந்து இலங்கையைச் சுற்றிப் போகிறது. ஆற்று நீர் கடலில் விழுந்தவுடன் அதன் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் பேராறுகள் செய்யும் அந்த வேலையில் காவிரியின் பங்கு மிகச் சிறிது. காவிரி நீர் கடலைச் சேர வேண்டும் என்பதற்கு வலுவான காரணத்தை நடுக்கடலில் தேட வேண்டியதில்லை, அது கொள்ளிடக்கரையின் கொல்லையிலேயே இருக்கிறது. நிலத்தடி நீர் தெரிந்தவர்கள் அதை விளக்கினால் நன்றாக இருக்கும்.

பசுங்கரை எழுதியது:

திருத்தியதற்கு நன்றி. இத்தனை ஆண்டுகளாக மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிவந்தேன். இனி மாற்றிச் சொல்வேன்.

பழைய மதகு எழுதியது:

நீர்ப்பாசனத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் கடைமடை ஐயாவின் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து விடை சொல்கிறேன், அடிபம்புக்குப் பிறகு வருகிறேன்.

நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் அது ஒரு டி.எம்.சி. இரண்டு லட்சம் கன அடி ஒரு நாள் ஓடினால் 17.28 டி.எம்.சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். அந்த வேகத்தில் காலி மேட்டூர் ஐந்தரை நாளில் நிரம்பிவிடும். 1.465 டி.எம்.சி. கொள்ளும் வீராணம் ஏரி இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். இவ்வளவு நீரையும் கல்லணையில் பிரியும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றிலும் விட முடியாது. அவை மூன்றும் சேர்ந்து தாங்குவது இதில் ஒரு சிறு பகுதிதான். அதற்கு மேல் ஒரு பங்கு கூடுதலாக விட்டாலும் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் கரைகள் உடைந்து ஊர்களுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

கொள்ளிடம் இருப்பது அதற்காகத்தான். காவிரியைவிடப் படுகை தாழ்ந்தது, கடலுக்குப் போகும் தொலைவும் குறைவு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டுப் பெரும்பகுதி நீர் தானாகவே கொள்ளிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுத்துக் காவிரிக்கு நீரைத் திருப்புவதற்காகவே ஆர்தர் காட்டன் 1836இல் மேலணையைக் கட்டத் தொடங்கினார். வெள்ளக் காலத்தில் மட்டும் கொள்ளிடம் திறக்கும், மற்றக் காலத்தில் பாசனத்துக்கே முதலிடம் என்ற ஏற்பாடு அன்றிலிருந்து இருக்கிறது. ஆகவே 2018இல் கடலுக்குப் போன அந்த நீர், டெல்டா மூழ்காமல் இருப்பதற்காகப் போன நீர்.

ஆனால் கடைமடையில் தண்ணீர் இல்லாததற்கு இது பதிலாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் வாய்க்காலில் தண்ணீர் வராததற்குக் காரணம் தூர்வாராத வாய்க்கால்களும் பழுதான மதகுகளும் தலைமடையில் முறை மீறி எடுப்பதும்தான். கொள்ளிடத்தில் ஓடிய தண்ணீரை நிறுத்தியிருந்தாலும் அது உங்கள் வயலுக்கு வந்திருக்காது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால், பழுதுபார்க்க வேண்டியவர்களை நோக்கிப் போக வேண்டிய கேள்வி கடலை நோக்கிப் போய்விடுகிறது. பணியில் இருந்த காலத்தில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய இடத்தில் நானும் இருந்தேன் என்பதால், இதை எழுதும்போது எனக்கு வருத்தம் இருக்கிறது.

கடைமடை எழுதியது:

நீங்கள் நேராக ஒப்புக்கொண்டது பெரிய விஷயம், ஐயா. கொள்ளிடத்தில் போனது எங்கள் வயலுக்கு வந்திருக்காது என்பதை நான் இதுவரை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. வாய்க்காலைப் பற்றிய கேள்வியை இனி வாய்க்காலைப் பற்றியே கேட்கிறேன்.

பழைய மதகு எழுதியது:

இனி அடிபம்பு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு கனமானது. கடற்கரை மணலுக்குள் இரண்டும் சந்திக்கும்போது நன்னீர் மேலேயும் கடல்நீர் ஆப்பு வடிவில் கீழேயும் நிற்கும். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி ஆழம் வரை நன்னீர் கிடைக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. களிமண் அடுக்குகள் குறுக்கிடும் இடங்களில் இது முன்பின்னாக இருக்கும், ஆனால் போக்கு இதுதான். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே உப்புநீரின் எல்லை 40 அடி மேலே ஏறிவிடும். கோடையில் எல்லோரும் மோட்டார் போட்டு இறைக்கும்போது கண்ணுக்குத் தெரிவது அந்த ஓரடி மட்டும்தான். பூமிக்கு அடியில் ஏறிவந்த 40 அடியை உங்கள் அம்மாவின் நாக்குதான் கண்டுபிடிக்கிறது.

ஆற்றில் வெள்ளம் ஓடும் நாட்களில் படுகை மணல் வழியாக இரு கரைகளிலும் நீர் இறங்கி நன்னீர் மட்டத்தை உயர்த்துகிறது. உப்பு கீழே தள்ளப்படுகிறது. அவர் சொல்லும் மூன்று நான்கு வாரம் என்பது அந்த நீர் மணலுக்குள் நகர்ந்து வர எடுத்துக்கொள்ளும் காலம். வெள்ளம் வரும் நாள் தள்ளிப்போனாலும், வெள்ளத்துக்கு முன்பே நிலத்தடி மட்டம் மிகவும் கீழே போயிருந்தாலும், அந்த இனிப்பு தாமதமாகத்தான் வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் 1960களின் இறுதியிலிருந்து அளவுக்கு மீறி இறைத்ததால் உப்புநீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஒருமுறை உள்ளே வந்த உப்பை வெளியே தள்ள எத்தனை மழைக்காலம் வேண்டும் என்பதை அந்தப் பகுதி மக்களிடம் கேட்டால் தெரியும்.

அலைவாய் எழுதியது:

மீனவக் குடும்பத்தில் பிறந்து மீன்வளம் படித்தவள் நான். மேலே எல்லோரும் நிலத்தின் பக்கத்திலிருந்து பேசியிருக்கிறீர்கள், கடலின் பக்கத்திலிருந்து நான் பேசுகிறேன்.

எங்கள் ஊரில் கழிமுகத்தை "வாய்" என்று சொல்வோம். மழைக்காலத்தில் ஆறு வேகமாக வந்து வாயைத் திறந்துவிடும். ஆற்றில் வேகம் குறைந்தால் அலை கொண்டுவந்து போடும் மணல் சேர்ந்து வாய் மேடிட்டுவிடும். என் தந்தையின் காலத்தில் பெரும்பாலான மாதங்கள் படகு போய்வந்த சிறு கழிமுகங்களில், இப்போது கோடையில் இடுப்பளவு நீரில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. படகு போகவில்லை என்பது மட்டும் பிரச்சினையில்லை. இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள், தலைமுடி அளவே இருக்கும்போது, அலையோடு கழிமுகத்துக்குள் வந்து உப்பும் நன்னீரும் கலந்த நீரில் வளர்ந்து, பெரிதான பிறகு கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாவும் அப்படியே. வாய் அடைபட்டிருந்தால் அந்தக் குஞ்சுகள் உள்ளே வர முடியாது. வாய் திறந்திருந்தும் உள்ளே நன்னீர் வராமல் முழுதும் உப்பாகவே இருந்தால், வந்த குஞ்சுகள் பிழைப்பதும் வளர்வதும் குறைந்துபோகும். ஆறு மாதம் கழித்து வலையில் இறால் விழாதபோதுதான் அது தெரியவரும், அப்போது யாரும் ஆற்றை நினைப்பதில்லை.

ஹில்சா மீன் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி முட்டையிடுவது. காவிரியிலும் அது ஏறிக்கொண்டிருந்தது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு காவிரியில் அந்த மீன்வளம் சரிந்துபோனதை மீன்வள ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இன்று எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கு அந்த மீன் வங்காளத்து மீன் என்றுதான் தெரியும்.

எகிப்தில் நடந்தது இன்னும் பெரியது. நைல் ஆற்றில் அஸ்வான் உயர் அணை 1970இல் கட்டி முடிக்கப்பட்டது, ஆனால் 1960களின் நடுவிலேயே அது வெள்ளத்தை மறிக்கத் தொடங்கிவிட்டது. ஆண்டுதோறும் வெள்ளத்தோடு கடலுக்குப் போன சத்துகள் நின்றன. கழிமுகத்துக்கு வெளியே நடந்த மத்தி மீன்பிடிப்பு சில ஆண்டுகளிலேயே சரிந்தது. வண்டல் வராததால் டெல்டாவின் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. அந்த அணையால் எகிப்துக்குக் கிடைத்த நன்மை பெரிது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அணை கட்டும்போது போட்ட கணக்கில் அந்த மீனவர்களின் பெயர் இல்லை.

சுரபுன்னை எழுதியது:

பிச்சாவரம் அலையாத்திக் காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தக் காடு, மழைக்காலத்தில் இரண்டு ஆறுகளிலிருந்தும் வரும் நன்னீரை நம்பியே இருக்கிறது. என் பெயருக்குரிய சுரபுன்னை மரம் உப்பு மிகுந்தால் தாங்காது, வெண்கண்டல் மரம் ஓரளவு தாங்கும். தெற்கே முத்துப்பேட்டையில் நன்னீர் வரத்து குறைந்து உப்பு மிகுந்ததால் ஏறக்குறைய காடு முழுவதும் வெண்கண்டலாகவே இருக்கிறது. ஆற்றிலிருந்து எவ்வளவு நன்னீர் வருகிறது என்பதை அந்த இரண்டு காடுகளில் எந்த மரம் நிற்கிறது என்பதை வைத்தே படித்துவிடலாம்.

கொள்ளிடக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அலைவாய் சகோதரி எழுதியதைப் படித்தபோது, எங்கள் ஊர்ச் சந்தையில் இறால் விலை ஏறியதற்கும் எங்கள் பம்பில் உப்பு ஏறியதற்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம் என்று முதன்முறையாகத் தோன்றியது.

எனக்கு இன்னொரு கேள்வி. கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கவும் நிலத்தடி நீரைச் செறிவூட்டவும் கொள்ளிடத்தின் குறுக்கே கதவணைகள் கட்டுவது தீர்வு என்கிறார்கள். ஆதனூர் – குமாரமங்கலம் கதவணை அப்படித்தான் திட்டமிடப்பட்டது. அதற்குக் கீழே இருக்கும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு அதனால் என்ன ஆகும்?

பழைய மதகு எழுதியது:

கதவணைக்கு மேலே நன்மை, அதில் ஐயம் இல்லை. ஆற்றில் நீர் தேங்கி நிற்கும் தொலைவு வரை இரு கரைகளிலும் கிணறுகள் ஊறும், உப்பு இறங்கும். கீழே என்ன ஆகும் என்பது கதவைத் திறந்து விடுபவரின் கையில் இருக்கிறது. மேலே நிரம்பிய பிறகும் மூடியே வைத்திருந்தால், கீழே இருக்கும் கடைசிப் பகுதிக்கு வெள்ள நாட்கள் தவிர மற்ற நாட்களில் ஒரு சொட்டும் வராது. அங்கே ஆறு இருக்காது, கடலின் ஒரு கை மட்டும் உள்ளே நீண்டு கிடக்கும். அதோடு, மணல் எடுத்து எடுத்துப் படுகை தாழ்ந்திருக்கும் இடங்களில் கடலேற்றம் முன்பைவிட உள்ளே வரும். ஆகவே உங்கள் ஊர்க்காரர்கள் கட்டடத்தைப் பற்றி மட்டும் கேட்காமல், அதை இயக்கும் விதியைப் பற்றியும் கேட்க வேண்டும். எந்த மாதத்தில் எத்தனை கன அடி கீழே விட வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நடுவர் மன்றத் தீர்ப்பை இங்கே மீண்டும் எடுத்துக்கொள்வோம். 740 டி.எம்.சி.யில் சூழல் பாதுகாப்புக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4, ஆக 14 டி.எம்.சி. ஒதுக்கியிருக்கிறார்கள். கடலுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு நிறைவளிக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2018 வெள்ளத்தில் ஒரே நாளில் ஓடியது 17.28 டி.எம்.சி. ஆண்டுக்கணக்கில் பார்ப்பவர், அந்த ஒரு நாளிலேயே கடலின் பங்கைக் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிடலாம். அடிபம்புக்கும் இறால் குஞ்சுக்கும் அது போதாது. அதே 10 டி.எம்.சி.யை மாசியிலிருந்து வைகாசி வரை 120 நாட்களுக்குப் பரப்பினால் நொடிக்கு 960 கன அடிக்குச் சற்று மேலே வரும். மேட்டூரிலிருந்து அதை விட்டால் வழியிலேயே மணல் குடித்துவிடும் என்று என் பழைய நண்பர்கள் சொல்வார்கள். பெரும்பகுதி அப்படித்தான் ஆகும். ஆனால் மணல் குடித்ததும் கரையோரக் கிணறுகளுக்குத்தான் போகிறது.

கடைமடை எழுதியது:

அப்படியானால், ஐயா, சண்டை வெள்ளத் தண்ணீரைப் பற்றியதே இல்லை என்றாகிறது. வெள்ளம் வரும் நாலு நாள் யாராலும் பிடிக்க முடியாது. பிடிக்க முடிந்த வரை வரத்து வாய்க்கால்களைச் சரிசெய்து ஏரி குளங்களில் நிரப்ப வேண்டும். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காவிரி – வைகை – குண்டாறு இணைப்பைப் போல வெள்ள நீரை வறண்ட மாவட்டங்களுக்குத் திருப்புவதையும் நான் ஆதரிக்கிறேன். ஆனால் கோடையில் கொள்ளிடக்கரைக்கு விட வேண்டிய 960 கன அடியை யார் கொடுப்பது? அது குறுவை நெல்லுக்காக வைத்திருக்கும் தண்ணீர். எங்களிடமிருந்துதான் எடுப்பார்கள்.

வங்கக்கடல் எழுதியது:

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. வெள்ள நீரைத் திருப்பும் திட்டங்களிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வெள்ளத்துக்கும் வேலை இருக்கிறது. வண்டலைக் கொண்டுவருவதும் கழிமுகத்து மணலைத் தள்ளி வாயைத் திறப்பதும் அந்த நாலு நாள் வேகம்தான். மெதுவாக ஓடும் 960 கன அடியால் அது முடியாது. வண்டலின் பெரும்பகுதி ஏற்கெனவே அணைகளுக்குள் நின்றுவிடுகிறது. மேட்டூரில் கட்டி 83 ஆண்டுகள் கழித்து 2017இல்தான் முதன்முறையாக வண்டலை அள்ளினார்கள். டெல்டா என்பது ஆறு கொண்டுவந்து போட்ட மண். அது தன் பாரத்தாலேயே மெல்ல அமுங்கிக்கொண்டிருக்கும், மேலே புதிய வண்டல் விழுந்துகொண்டிருந்தால்தான் கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும். ஆகவே பெருவெள்ளத்தில் ஒரு பகுதியாவது குறுக்கிடாமல் ஓட வேண்டும், கோடையில் சிறு ஓட்டமும் வேண்டும். இரண்டுக்கும் வேலை வேறு.

பழைய மதகு எழுதியது:

யார் கொடுப்பது என்ற கேள்விக்கு என்னால் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஆனைக்கரை கீழணைக்குக் கீழே கோடையில் எவ்வளவு ஓடுகிறது, கரையோரக் கிணறுகளில் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்ற இரண்டையும் மாதம்தோறும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 960 வேண்டுமா, 300 போதுமா என்பது தெரியும். 300 போதும் என்றால் அது 10 டி.எம்.சி.யை ஆண்டு முழுவதும் பரப்பியதற்கு ஏறக்குறைய சமம், கடைமடை ஐயாவின் குறுவையை அது பெரிதாகத் தொடாது. அளக்காமல் பேசும்வரை ஒவ்வொருவரும் தன் பங்கு பறிபோவதாகவே நினைப்போம்.

கொள்ளிடக்கரை எழுதியது:

ஐயா சொன்னதைச் செய்ய நினைக்கிறேன். நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் கையடக்கக் கருவி ஒன்றை வாங்கிவிட்டேன். எங்கள் தெருவில் ஏழு பம்புகளும் இரண்டு கிணறுகளும் இருக்கின்றன. ஆற்றிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை தப்படி என்பதை நேற்று நடந்து அளந்து குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் முதல் குடம் அடிப்பதற்கு முன் அளந்து இங்கே பதிவேன்.

முதல் அளவை இன்று எடுத்தேன். ஆற்றுக்கு அருகிலுள்ள பம்பில் லிட்டருக்கு 1,900 மில்லிகிராம், எங்கள் வீட்டில் 2,600, தெருவின் கடைசிக் கிணற்றில் 3,100. குடிநீருக்கு வேறு வழியில்லாத இடத்தில் ஏற்கும் உச்ச அளவே 2,000 என்று கருவியோடு வந்த தாளில் இருக்கிறது. அம்மாவிடம் எண்ணைச் சொல்லாமல் ஒன்பது குவளைகளையும் வரிசையாக வைத்தேன். இரண்டை மட்டும் இடம் மாற்றிச் சொன்னார், மற்ற ஏழையும் சரியாக அடுக்கிவிட்டார்.

அலைவாய் எழுதியது:

அண்ணா, கழிமுகத்திலும் ஓர் அளவு வேண்டும். என் தம்பி வாரம் மூன்று நாள் அந்த வழியாகப் படகில் போகிறான். எந்தக் கருவி என்று எழுதுங்கள், அவனிடம் ஒன்று வாங்கிக் கொடுக்கிறேன்.

கடைமடை எழுதியது:

எனக்கும் எழுதுங்கள், தம்பி. எங்கள் பக்கத்திலும் போர்த் தண்ணீர் உவர்க்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன.